2006 ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கி டிராக்கில் ஓட்டலாமா?

கேள்வி – 2025 மார்ச் 2

அண்ணா, கோயம்புத்தூரில் 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1.8 டர்போ பெட்ரோல், மேனுவல், இரண்டாவது ஓனர். மீட்டரில் 1,12,000 கி.மீ. மூன்றரை லட்சம் கேட்கிறார். வாங்கி, ரீமேப் அடித்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி), பெரிய டர்போ போட்டு, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டலாம் என்று ஆசை. 250 குதிரைத்திறன் எடுக்க எவ்வளவு செலவாகும்? இந்தப் பணத்துக்கு வேறு எந்தக் காரும் இதன் பக்கத்தில்கூட வராது என்கிறார் விற்பவர்.

மார்ச் 2, இரவு

விற்பவர் சொல்வது பாதி உண்மை, தம்பி. மீதிப் பாதியை நீ ஒர்க்‌ஷாப்பில் கட்டுவாய்.

முதலில் ஒன்று. நம் ஊரில் விற்ற ஆர்.எஸ். 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர். ஐரோப்பாவில் அதே பேட்ஜோடு விற்றது 180. இணையத்தில் நீ படிப்பதில் முக்கால்வாசி அந்த 180 காரைப் பற்றியது. அதை வைத்து இதற்குக் கணக்குப் போடாதே. டர்போ, இன்டர்கூலர், பிரேக் எல்லாவற்றிலும் நம் காருக்குள் என்ன இருக்கிறது என்று கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எஞ்சினில் குறை சொல்ல மாட்டேன். 1781 சி.சி., வார்ப்பிரும்பு பிளாக், சிலிண்டருக்கு ஐந்து வால்வு. கோல்ஃப் 4, ஆடி ஏ3, முதல் தலைமுறை ஆடி டிடி எல்லாம் இதே குடும்பம். அதனால் ஸ்கோடா கடையில் இல்லாத பார்ட் வேறு பெயரில் வேறு டப்பாவில் கிடைக்கும். டர்போ சின்னது. 1750 ஆர்.பி.எம்.மிலேயே முழு டார்க்கும் வந்துவிடும், 5500 தாண்டினால் மூச்சு வாங்கும். அவினாசி ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்ய அருமை. டிராக்குக்கு அருமையா என்றால், நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 3

அதற்கு முன், பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது.

நீ வருவதற்கு முன் காரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லிவிடு. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடு, இன்னொரு நாள் போ. டைமிங் செயின் டென்ஷனர் சத்தம், லிஃப்டர் சத்தம், புகை எல்லாம் ஆறிய எஞ்சினில் முதல் பத்து நொடியில்தான் தெரியும். சூடேறிய பிறகு எல்லாக் காரும் நல்ல கார்தான்.

ஆமாம், பெல்ட்டும் உண்டு, செயினும் உண்டு. முன்னால் டைமிங் பெல்ட் ஒரு கேமை, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டை, சுற்றும். அந்தக் கேமையும் இன்னொன்றையும் பின்னால் ஒரு சின்ன செயின் இணைக்கும். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் காலி. பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேள். "போன ஓனர் மாற்றினார்" என்பது பில் இல்லை. பில் இல்லையென்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் விலையில் கழித்துப் பேசு. பழைய வாட்டர் பம்ப்களில் உள்ளே பிளாஸ்டிக் இறக்கை. அது விரிசல் விட்டுத் தண்ணீரைத் தள்ளாமல் சும்மா சுற்றும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, டெம்பரேச்சர் மட்டும் ஏறும்.

ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடி. இது டர்போ எஞ்சின், சாதாரண மினரல் ஆயில் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே கருகிப்போய் பழைய புளிக்குழம்பின் அடிமாதிரி அப்பியிருக்கும். அது எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இறங்கி, அங்கே ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் சல்லடையை அடைக்கும். அடைத்தால் முதலில் சாவது டர்போ, அடுத்தது பேரிங்.

ஐட்லிங்கில் மூன்று நிமிடம் விட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டு. நீலப்புகை ஒரு தடவை குபுக்கென்று வந்தால் வால்வு சீலாகவோ டர்போ சீலாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் செலவு வித்தியாசம் அதிகம், ஆனால் எது என்று அங்கே நின்றுகொண்டு தெரியாது. கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எடுக்க ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதே.

மார்ச் 3, மதியம்

விட்டுப்போனது. ஆர்.சி. புக்.

2006 மாடல் என்றால் 15 வருடம் 2021இல் முடிந்திருக்கும். புதுப்பித்திருந்தால் ஐந்து வருடம், அதாவது 2026 வரை. அப்படியானால் நீ வாங்கி ஒரு வருடத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் அந்தக் காரை நிறுத்தியாக வேண்டும். அதற்குள் நீ பெரிய டர்போ, பெரிய சைலன்சர், ரோல் கேஜ் எல்லாம் மாட்டியிருந்தால் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார் என்று யோசி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஒன்றுதான்: கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது. போல்ட்டைக் கழற்றிப் பழையபடி மாட்ட முடிகிற வேலைகளை மட்டும் செய்வது புத்திசாலித்தனம். கழற்றியதை வீசிவிடாமல் பரணில் போட்டு வை.

2021இலேயே புதுப்பிக்காமல் விட்ட காராக இருந்தால், அந்தத் தலைவலிக்கு தனி விலை பேசு.

மார்ச் 5

திருப்பூர் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இவ்வளவு பயமுறுத்துவதற்கு ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கச் சொல்லலாமே?"

நியாயமான கேள்வி. கரி ட்ராக் 2.1 கி.மீ. நேர் ரோடு குறைவு, வளைவுதான் அதிகம். ஆக்டேவியா 1300 கிலோவுக்கு மேல். ஸ்விஃப்ட் 1000 கிலோ சுற்றுவட்டாரம். சேர்த்து வைத்த வேகத்தை ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக்கில் கரைக்க வேண்டிய இடத்தில் அந்த 300 கிலோ சும்மா இல்லை. நன்றாக ஓட்டத் தெரிந்த பையன் ஸ்விஃப்டில் வந்து ஆக்டேவியாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹெட்லைட் அடிப்பதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். நேர் ரோட்டில் ஓடித் தப்பிப்பேன், அடுத்த வளைவில் மறுபடி அங்கேயே இருப்பான்.

அப்புறம் ஏன் ஆக்டேவியா? அறிவிடம் இதற்குப் பதில் இல்லை. மூன்றாவது கியரில் பூஸ்ட் (டர்போ அமுக்கித் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது முதுகை சீட் தள்ளுகிறதே, அது ஸ்விஃப்டில் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை டிராக் என்றால் கதையே வேறு. 3.7 கி.மீ., நீளமான நேர் ரோடு, அங்கே டர்போவுக்கு வேலை இருக்கிறது. ஆனால் சென்னை வெயிலும் இருக்கிறது.

மார்ச் 9

வெயில் என்றதும் நினைவு வந்தது. இந்த இழையில் எழுத வேண்டியது உண்மையில் இதுதான், மற்றதெல்லாம் ஓரம்.

பழைய டர்போ காரை டிராக்கில் ஓட்டுவது என்றால் சூட்டோடு மல்லுக்கட்டுவது. குதிரைத்திறன் கூட்டினால் சூடும் கூடும். கம்பெனி இந்தக் காரை ஐந்து நொடி பூஸ்ட், அப்புறம் ஒரு நிமிடம் ஓய்வு என்கிற ரோட்டு வாழ்க்கைக்குக் கட்டியது. டிராக்கில் இருபது நிமிடம் ஓய்வே கிடையாது.

எங்கெங்கே சூடாகிறது என்று பார். டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகிறது. அதை ஆற்றத்தான் இன்டர்கூலர். இந்தக் காரில் அது முன் வலது ஃபெண்டருக்குள், சக்கரத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கிற ஒரு சின்னப் பெட்டி. அங்கே போகிற காற்றே குறைவு. கோயம்புத்தூரில் ஏப்ரல் மதியம் மூன்று, நான்கு லேப் போனால் அந்தப் பெட்டியே சூடாகிவிடும், அப்புறம் அது எதையும் ஆற்றாது. சூட்டில் பெட்ரோல் கண்டபடி வெடித்துத் தட்டும் சத்தத்தை நாக் சென்சார் கேட்டதும், எஞ்சின் கம்ப்யூட்டர் ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும், திறன் குறையும். ஐந்தாவது லேப்பில் உன் 150 குதிரையில் எத்தனை மிச்சம் என்று ஸ்கேனரில் டைமிங் எண்ணைப் பார்த்தால் அழுகை வரும். ரீமேப் அடித்த காரும் அடிக்காத காரும் இந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. முதல் லேப்புக்கு மட்டும் பணம் கட்டிய மாதிரி.

அடுத்தது பிரேக். என் காரில் பழைய பிரேக் ஃபுளூயிடோடு இறங்கிய நாளில் பெடல் மெதுவாகக் கீழே போக ஆரம்பித்தது. மிதித்தால் ஸ்பாஞ்ச். இரண்டு தடவை பம்ப் செய்தால் கொஞ்சம் எழுந்து வரும். அந்த லேப்பை எப்படி முடித்தேன் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. டாட் 4 ஃபுளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை இழுத்துப் பழசானால் அது 155க்கு இறங்கிவிடலாம். டப்பா விலை சில நூறு ரூபாய். இதைவிட மலிவான மாடிஃபிகேஷன் எதுவும் கிடையாது.

மூன்றாவது ஆயில். நீளமான வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கும். பிக்கப் காற்றை உறிஞ்சினால் பிரஷர் விழும். லெவலை எப்போதும் மேல் கோட்டில் வை, நல்ல ஃபுல் சிந்தெடிக் ஊற்று, டிராக் நாளுக்குப் பிறகு கி.மீ. பார்க்காமல் மாற்று. கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி டர்போவை ஆற வை. உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதே, டிஸ்க் கொதிக்கும்போது பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுவிட்டு இறங்கு.

மார்ச் 10

மதுரையிலிருந்து ஒருவர்: "டாட் 5 போட்டால் இன்னும் நல்லதா?"

வேண்டாம். டாட் 5 சிலிகான், இந்த சிஸ்டத்தில் இருப்பதோடு கலக்கக்கூடாது. நீங்கள் கேள்விப்பட்டது 5.1ஆக இருக்கும். அது 4இன் உறவுக்காரன், போடலாம். டப்பாவில் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள், கடைக்காரர் பார்க்க மாட்டார்.

மார்ச் 16

சூடு, டர்போ என்று பேசியதில் ஒரு பழைய கதை. ஃபார்முலா ஒன்னில் முதன்முதலில் டர்போ காரைக் கொண்டுவந்தது ரெனோ, 1977இல். மஞ்சள் நிறக் கார். அடிக்கடி எஞ்சின் புகைந்து ஓரத்தில் நிற்கும். ஆங்கிலேயர்கள் அதற்கு மஞ்சள் டீ கெட்டில் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். 1979இல் பிரான்ஸ் டீஷோன் டிராக்கில் அதே ரெனோ ஜெயித்தது, அதன் பிறகு சில வருடங்களில் சிரித்தவர்களும் டர்போவுக்கு மாறிவிட்டார்கள். அவர்களிடம் கம்பெனியும் காசும் இருந்தது. நம்மிடம் கரும்பு ஜூஸ் கடை நிழலும் ஒரு ஸ்பானர் செட்டும். பானெட்டைத் திறந்து வைத்து ஆற விடுவதுதான் நம் இன்டர்கூலர்.

ஏப்ரல் 20

தம்பி வாங்கிவிட்டான். மூன்று லட்சத்துக்குள் முடித்திருக்கிறான். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் நெருக்கமாக வந்ததாம். பெல்ட் பில் இல்லை, எதிர்பார்த்ததுதான். செக் எஞ்சின் விளக்கு மின்னுகிறது, வண்டி உதறுகிறது என்கிறான்.

பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயில். இந்தக் குடும்பத்து எஞ்சின்களின் பரம்பரை வியாதி. ஸ்கேனரில் எந்த சிலிண்டர் மிஸ்ஃபயர் (சரியாக எரியாமல் விடுவது) என்று பார், அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடு. மிஸ்ஃபயர் கூடவே போனால் காயில், போகாவிட்டால் பிளக், இன்ஜெக்டர் என்று தேடு. ஒரு காயில் எப்போதும் டிக்கியில் இருக்கட்டும்.

மே 4

செலவு வரிசை கேட்டிருக்கிறாய். என் காசாக இருந்தால் முதலில் பெல்ட் செட், வாட்டர் பம்ப், சம்ப்பைக் கழற்றிப் பிக்கப் சல்லடையைக் கழுவுவது, எல்லா வேக்கம் ட்யூப்களும். பத்தொன்பது வருட ரப்பர், தொட்டால் உடையும். ஒரு ட்யூப் விரிசல் விட்டால் பூஸ்ட் வராது, டர்போ போய்விட்டது என்று சொல்லி ஒருவர் உன்னிடம் டர்போ விற்பார். ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்சக் காற்றைத் திருப்பி விடும் டைவர்ட்டர் வால்வையும் கழற்றி வாயால் உறிஞ்சிப் பார், உள்ளே டயஃப்ரம் கிழிந்திருந்தால் காற்று பிடிக்காது.

அப்புறம் பிரேக் பேட், ஃபுளூயிட், டயர். சக்கரத்தைக் கழற்றி முன் டிஸ்க்கை அளந்து பார். 288 மி.மீ. இருந்தால் ஆடி டிடியின் 312 மி.மீ. டிஸ்க்கை அதே காலிப்பரில் மாட்டலாம், காலிப்பரைத் தாங்கும் கேரியர் மட்டும் மாற்ற வேண்டும். 16 இஞ்ச் அலாய் தேவை. பழசைத் திரும்ப மாட்டுவதும் அரை நாள் வேலை, ஆர்.டி.ஓ. எஃப்.சி. சோதனைக்கு முன்னால் கவலையில்லை.

இதெல்லாம் முடிந்து காசு மிச்சமிருந்தால் முன்னால் கிரில்லுக்குப் பின் பெரிய இன்டர்கூலர். அதற்கும் பிறகுதான் ரீமேப் பேச்சு.

ஹோஸ் கிளாம்ப் மட்டும் நீயே நின்று பார்த்து மாட்டச் சொல். எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்டர்கூலர் ஹோஸுக்குத் தோட்டத்துப் பைப்பில் போடுகிற கிளாம்ப் போட்டு அனுப்பிவிட்டார்கள். பல்லடம் ரோட்டில் மூன்றாவது கியரில் ஹோஸ் பிடுங்கிக்கொண்டது. டயர் வெடித்தது என்று நினைத்துப் பின்னால் வந்தவர் ஓரம் கட்டிவிட்டார். இறங்கிப் பார்த்து, சிரித்து, ஸ்பானர் கொடுத்ததும் அவர்தான்.

ஜூலை 13

ரீமேப் பற்றி நான் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று இரண்டு பேர். யோசித்துப் பார்த்தேன், கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

பெரிய இன்டர்கூலர் போட்ட காரில், நம் ஊர்ப் பெட்ரோலுக்கு என்று பொறுமையாக எழுதிய மென்மையான மேப் நல்லதுதான். சாதா பெட்ரோல் 91 ஆக்டேன் (தட்டாமல் தாங்கும் அளவைச் சொல்லும் எண்). ஐரோப்பிய மேப்கள் பெரும்பாலும் 95, 98க்கு எழுதியவை, அதை அப்படியே ஏற்றினால் தட்டல்தான் மிச்சம். டிராக் நாளுக்கு 95 ஊற்று, கிடைத்தால் 100. எத்தனால் விஷயமும் இருக்கிறது. இப்போது சாதா பெட்ரோல் என்றாலே 20 சதவீத எத்தனால், இந்தக் கார் பிறந்தபோது அப்படியொரு பேச்சே இல்லை. பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடு. எஞ்சின் மேல் பெட்ரோல் கசிவது மிஸ்ஃபயர் மாதிரி விளையாட்டு இல்லை.

ஆனால் 250 குதிரைக்கு இன்னும் இல்லை என்றே சொல்வேன். அந்த அளவுக்குப் போனால் சின்ன டர்போ போதாது, பெரிய டர்போ வந்தால் இன்ஜெக்டர், கிளட்ச் எல்லாம் மாறும். டார்க் கண்டபடி ஏறினால் கனெக்டிங் ராடு வளையும். அத்தனையும் செய்த பிறகும் இது முன்சக்கரம் இழுக்கும் வண்டி, இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கிற டிஃபரென்ஷியலும் சாதாரண திறந்த ரகம். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் புகை விட்டுச் சும்மா சுழலும். அதற்கு இந்த கியர்பாக்ஸுக்குக் குவைஃப் கம்பெனியின் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) இருக்கிறது, இறக்குமதி. எனக்கு அந்தக் காசு கிடைத்தால் டர்போவை விட்டு டிஃபரென்ஷியல்தான் வாங்குவேன்.

ஜூலை 14

சின்னச் சேர்க்கை. டிராக்கில் நடந்த சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது. பாலிசியை எடுத்துப் படி, பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கில் இருக்கும். முட்டினால் முழுச் செலவும் உன் பையில். இதனால்தான் நான் மூன்று லட்ச ரூபாய் காரில் ஓட்டுகிறேன், முப்பது லட்ச ரூபாய் காரில் ஓட்டுவதில்லை. முப்பது லட்சம் இல்லை என்பது தனி.

அக்டோபர் 26

தம்பி கரி டிராக்கில் இறங்கிவிட்டான். அதே 150 குதிரை. புது பேட், புது ஃபுளூயிட், டயர், பெல்ட், இன்டர்கூலர். வீடியோ அனுப்பினான். வளைவுக்குள் சீக்கிரம் ஆக்சிலரேட்டர் கொடுக்கிறாய், மூக்கு வெளியே ஓடுகிறது, நீ ஸ்டியரிங்கை இன்னும் திருப்புகிறாய், டயர் கத்துகிறது. முன் டயரிடம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை கேட்காதே. பிரேக்கை நேராக முடி, காத்திரு, ஸ்டியரிங் திரும்பி வரும்போது மிதி. உள்ளே வந்ததும் சூட்டில் டயர் காற்றை அளந்து முன்னால் ஏறியதை இறக்கு. இந்த இரண்டிலேயே நேரம் குறையும்.

அக்டோபர் 28

கியர் மாற்றும்போது கீழே "டொக்" என்று இடிக்கிறது என்கிறாய். கியர்பாக்ஸ் இல்லை, பயப்படாதே. கீழே எஞ்சினை சப்ஃபிரேமோடு பிடித்திருக்கிற மவுன்ட், நாய் கடிக்கிற எலும்பு வடிவத்தில் இருக்கும். ரப்பர் போயிருக்கும். பாலியூரிதேன் போடலாமா என்றால், போடலாம், கியர் கச்சிதமாக விழும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டு மொத்தமும் நடுங்கும், உன் அம்மா அப்புறம் ஏற மாட்டார். ரப்பரே போடு. போல்ட்டும் சேர்த்துப் புதிதாக வாங்கு, அது நீளுகிற ரகம், ஒரு தடவைக்குத்தான். பார்ட் நம்பரை நாளைக்குத் தேடி அனுப்புகிறேன்.